உச்சிகால மணி அடித்தால் சாவி கைமாறும்

போன வாரம் திருத்தணி பேருந்து நிலையத்தில் அரக்கோணம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். ஒரு இளம்பெண் வந்து வழவழப்பான நோட்டீஸ் ஒன்றை என் கையில் திணித்தாள். வீட்டுமனை விளம்பரம். மேலே மலைக்கோயில் படம், கீழே 'மனையில் இருந்தபடியே முருகன் தரிசனம், என்றும் வற்றாத நிலத்தடி நீர்' என்று கொட்டை எழுத்தில். பின்பக்கம் இடத்தின் படமும் சர்வே எண்ணும். அந்த எண்ணை இரண்டு முறை படித்தேன்; அது எனக்கு மனப்பாடமான எண். "தண்ணி சும்மா கல்கண்டுங்க மேடம், ஒருவாட்டி வந்து குடிச்சிப் பாருங்க" என்றாள் அவள். அதே தண்ணீரைக் குடித்து வளர்ந்தவளிடம் அதை விற்க வந்திருக்கிறாள், பாவம். அந்த நேரம் பார்த்து, பஸ் இரைச்சலுக்கு நடுவே மலைமேல் உச்சிகால பூஜை மணி அடித்தது. "நம்ம முறை வந்துடுச்சி" என்று என் வாய் தானாகச் சொன்னது.

பக்தி முற்றிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஊர் மலைக்கு ஒரு மைல்தான். அந்த மணிக்கு எங்களிடம் வேறு வேலை இருந்தது.

எங்கள் நைனாவும் பக்கத்து நிலத்துக்காரரும் சேர்ந்து வெட்டிய கிணறு அது. தண்ணீர் பார்க்க வந்தவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்தாராம். தேங்காய் எழுந்து நின்ற இடம் வரப்பைத் தாண்டி நாலு தப்படி, அவர்கள் பக்கம். நாலு தப்படிக்கு யார் கணக்குப் பார்த்தார்கள்? ஊற்றுக் கண் திறந்த அன்று இருவரும் சேர்ந்து மலையேறி, கடைசிப் படியில் சூடம் ஏற்றி, தண்ணீர் இரண்டு வீட்டுக்கும் சமம் என்று சத்தியம் செய்தார்கள். காலையில் அவர்கள் முறை, உச்சிகால மணி அடித்தால் எங்கள் முறை. மணி கேட்டதும் மோட்டார் கொட்டகைச் சாவி கைமாறும். ஆடிக் கிருத்திகையில் கூட்டத்தினால் பூஜை தள்ளிப்போகும், மணியும் தாமதமாகும். அன்றைக்கு அவர்கள் வயலுக்குக் கூடுதலாகப் பாயும். நைனா வரப்பில் உட்கார்ந்து, "முருகன் அவுங்களுக்குக் குடுக்கறான், நான் இன்னா கேக்கறது" என்று சிரிப்பார்.

கிணற்றில் பங்காளி ஆனவர்கள் சம்பந்தியும் ஆனார்கள். அக்காவை அந்த வீட்டுப் பையனுக்குத்தான் கட்டிக்கொடுத்தோம். எனக்கு அவர் பாவா. காற்று எதிர்ப்பக்கம் அடித்து மணி கேட்காத நாட்களில் அவரே சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு வருவார். "மணி அட்ச்சிருக்கும் மாமா, புடிங்க" என்பார். நான் டைப்பிங் முடித்ததும் என்னை வேலைக்கு அனுப்ப நைனா தயங்கினார். "பாப்பா போவட்டும் மாமா, நான் கொண்ணுபோய் வுட்டுட்டு வரேன்" என்றவரும் பாவாதான். ஒரு மாதம் மொபெட்டில் கொண்டுபோய் விட்டார். பின்னால் உட்கார்ந்து போகும்போது எனக்கு அப்படி ஒரு பெருமை. கூடப் பிறந்த அண்ணன் இல்லாத குறை தீர்ந்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போல இருக்கிறது.

வேலை, பத்திரம் எழுதுகிற கடையில். கார்பன் தாள் வாசனை எங்கே அடித்தாலும் எனக்கு இன்றைக்கும் புளிசாதம் ஞாபகத்துக்கு வரும். தட்டச்சு மேசையிலேயே டப்பாவைத் திறந்து சாப்பிட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அடுத்தவர் நிலத்தின் நாலெல்லையை அடிப்பேன். ஆறு மாதத்தில் நானே பெரிய சர்வேயர் என்று நினைப்பு வந்துவிட்டது. அந்த மிதப்பில்தான் ஒருநாள் எங்கள் நிலத்தின் புலப்படத்தை நகல் எடுத்துப் பார்த்தேன். கிணறு என்று ஒரு சின்ன வட்டம். அந்த வட்டம் முழுசாக பாவா வீட்டு எண்ணுக்குள் இருந்தது. கடை ஐயா எட்டிப் பார்த்துவிட்டு, "பாதிக் கிணறு பாத்தியம்னு ஒரு பத்திரம் போட்டு வெச்சிக்கோங்கம்மா, சின்ன வேலைதான்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவும் பாவாவும் சாப்பிட வந்திருந்தார்கள். கோழிக் குழம்பு. என் புத்திசாலித்தனத்தை உள்ளே வைத்துக்கொள்ள முடியவில்லை. "நைனா, படத்துல பாத்தா கெணறு மொத்தமும் பாவா நெலத்துல கீது. ஐயா ஒரு பத்திரம் போட்டுக்க சொன்னாரு" என்றேன். நைனாவுக்கு முகம் சிவந்துவிட்டது. சாப்பிட வந்த மாப்பிள்ளை முன்னால் இப்படிப் பேசிவிட்டேனே என்று.

"படியில சூடம் ஏத்தினதுக்கு அப்பால காகிதத்துல இன்னா எழுதறது? முருகன் பொய்யா?" என்றார்.

பாவா எலும்பைக் கடித்தபடி சிரித்தார். "படிச்ச பொண்ணு, அப்டித்தான் பேசும். வுடுங்க மாமா."

மொபெட்டை உதைத்துக் கிளப்பும்போதுதான் என்னைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்: "அந்தப் படத்துல நம்பர் இன்னா பாப்பா?" நான் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் அழகாக எழுதிக் கொடுத்தேன். ஓரத்தில் கிணற்றுக்கு ஒரு வட்டமும் போட்டேன். அதை நைனா பார்க்கவில்லை.

இரண்டு வருடம் கழிந்தது. பாவாவின் அப்பா காலமானார். ரோடு அகலமானது. கார்களில் வந்து இறங்கி மலையைப் பார்த்து ஒரு கும்பிடு, நிலத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போடுகிறவர்கள் வரத் தொடங்கினார்கள். ஒருநாள் டீ நேரத்தில் எங்கள் கடைக்கு நாலு கடை தள்ளி, இன்னொரு பத்திரக் கடை வாசலில் பாவாவின் மொபெட் நிற்பதைப் பார்த்து ஓடினேன். "சும்மா வில்லங்கம் பாக்க வந்தேன் பாப்பா" என்றார். பக்கத்துக் கடையில் எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, "இன்னொன்னு சொல்லட்டா?" என்றும் கேட்டார். அன்றைக்குத்தான் பாவா தன் நிலத்தை மனை போடுகிறவர்களுக்கு விற்ற கிரயம் பதிவானது. கிணறும் அதைச் சேர்ந்த சகல பாத்தியமும் உள்பட. பாதி என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. பின்னால் நகல் எடுத்து நானே வரிக்கு வரி படித்தேன். அதற்குப் பிறகு ரோஸ்மில்க்கை நான் தொட்டதில்லை.

ஒரு மாதம் கழித்து மணி அடித்தது. யாரும் சாவி கொண்டு வரவில்லை. நைனா போய்ப் பார்த்தார். கொட்டகையில் புதுப் பூட்டு தொங்கியது. எங்கள் வயலில் நெல் பால் பிடிக்கிற பருவம். நாலாம் நாள் மண் வெடித்தது, பத்தாம் நாள் கதிர் பதராகி வெளுத்தது. கோர்ட்டுக்குப் போகலாம் என்று ஊரில் சொன்னார்கள். "பொண்ணு அந்த வூட்ல வாழ்ந்துகினு கீது" என்று அதோடு முடித்துக்கொண்டார் நைனா. பிறகு பொக்லைன் வந்து கிணற்றை மூடியது. தண்ணீர் இல்லாத நிலத்தை வேறு யார் வாங்குவார்கள்? கேட்டவர்களுக்கே, கேட்ட விலைக்கே எங்களுடையதும் போனது.

நான் பாவாவை ஒரே ஒருமுறை கேட்டேன். அக்கா வாசலில் நின்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏன் பாவா இப்டிப் பண்ணீங்க?"

"நான் இன்னா பாப்பா பண்ணேன்? படத்துல அப்டித்தான கீது. நீதான வட்டம் போட்டுக் குடுத்த."

குரலை உயர்த்தவில்லை. பத்திரமாக மடித்து வைத்திருந்ததை எடுத்து நீட்டுவதுபோல, அன்பாகத்தான் சொன்னார். திருத்தணியை முருகனின் கோபம் தணிந்த மலை என்பார்கள். அவன் சாமி, தணிந்துவிட்டான். எனக்குத் தணியவில்லை.

நைனா அம்பத்தூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலுக்குப் போனார். அங்கே மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்புவதும் அவர் வேலை. மத்தியானம் பன்னிரண்டு ஆனால் தொட்டி நிரம்பியதோ இல்லையோ, கை தானாகப் போய் அணைத்துவிடுமாம். இதற்காக இரண்டு முறை திட்டு வாங்கினார். விடுமுறைக்கு வந்தால் என்னிடம் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்வார்: "நீ அன்னிக்கே சொன்ன பாப்பா. எழுதி வாங்கி இருக்கணும். தப்பு என்னுது." நான் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போடுவேன். அந்த பஸ் டிக்கெட்டைப் பற்றிக் கடைசிவரை அவரிடம் நான் வாய் திறக்கவில்லை. பாவா ஏமாற்றினார், நானும் ஏமாற்றினேன். தப்பு தன்னுடையதுதான் என்று நம்பியபடியே அவர் போய்ச் சேர்ந்தார்.

அரக்கோணம் பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தபோதும் மணி ஓயவில்லை. இப்போது ஒலிபெருக்கி வைத்து அடிக்கிறார்கள், காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் ஊர்வரைக்கும் தெளிவாகக் கேட்கும். அதைக் கேட்டு யாரும் சாவியை எடுத்துக்கொண்டு வரப்பில் நடப்பதில்லை.