சாட்சி சொல்லக் கூப்பிட்டார்

1. பெரட்டில் ஒரு ஜெபம்

ஐந்தாம் நம்பர் மலையில் குளவி கலைந்த அன்று, ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டில் நானும் நின்றேன். இலங்கையில் கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருத்துவிச்சியாக இருக்கிறேன். கர்ப்பிணிகளுக்குக் கிளினிக் நாளைச் சொல்லப் போயிருந்தேன். ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த என் மகள் ரூத்தும், கைச்செலவுக்கு ஆகுமென்று கொழுந்து பறிக்கிற பெண்களோடு வரிசையில் நின்றாள்.

அந்த வரிசையிலிருந்து தெய்வானை அக்கா முன்னால் வந்தார். "ஐயா, அந்தப் பெரிய யூகலிப்டஸ் மரத்துல குளவி கூடு கட்டியிருக்குங்க. ஆள் வெச்சுக் கலைச்சுட்டு எங்கள அனுப்புங்க."

ஐயா என்பவர் எங்கள் வெளிக்கள உத்தியோகத்தர். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் பிரசங்கிப்பவரும் அவரே. ஆள் கூப்பிட்டால் அன்றைய கொழுந்து குறையும்; தோட்டத்து மேனேஜர் துரைக்குப் பதில் சொல்ல வேண்டும். ஜெபத்துக்குத் துரையிடம் பதில் சொல்ல வேண்டியதில்லை. தொப்பியைக் கழற்றினார், கண்ணை மூடினார்.

"தூதருங்க நம்மளக் கையில தாங்குவாங்கன்னு வேதத்துல இருக்கு. ஜெபிச்சாச்சு. ஏறுங்க."

"குளவி வேதம் படிச்சிருக்குமாங்க ஐயா?" என்றது பின்வரிசையில் ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள்.

"ஏறாதவங்களுக்கு இன்னைக்குப் பேரு இல்ல."

பேர் இல்லை என்றால் அன்றைய சம்பளம் இல்லை. சிரிப்பு நின்றது.

"ஐயா, வேற மலைக்கு அனுப்புங்க. யாருக்காவது மூச்சடைச்சா என்கிட்ட மருந்து இல்ல," என்றேன்.

"மிஸ், உங்களுக்கே விசுவாசம் கொறைஞ்சு போச்சா?"

ரூத்தின் கையைப் பிடித்தேன். "எல்லாரும் போறாங்கம்மா. மிஸ் மகள்னு நான் மட்டும் நிக்கிறதா? விடுங்க," என்று உதறிவிட்டு ஏறினாள்.

2. படங்கு

குளவி கொட்டியவர்களைப் பத்து மணிக்குள் டிராக்டரில் என்னிடம் கொண்டுவந்தார்கள். ரூத்தின் கண்கள் வீங்கி மூடியிருந்தன. மூச்சு சீறியது. இத்தனை வருடம் எத்தனையோ பிரசவம் பார்த்த கை, என் பிள்ளையின் நாடியைத் தேடியது. இப்போதும் ஓர் ஈ பறந்தால் ஜன்னலை மூடிவிடுகிறேன்.

மலையில் குளவி கலைந்ததும் தெய்வானை அக்கா இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்து, அந்தத் தடித்த சாக்கை ரூத்தின் மேல் போட்டு, அதன்மேல் தானே கவிழ்ந்து படுத்திருக்கிறார். அவருடைய முதுகில் விரல் வைக்க இடமில்லை. தூதர்கள் யாரும் வரவில்லை. எல்லாம் அடங்கிய பிறகு பைக்கில் ஐயா வந்தார், ஹெல்மெட்டைக் கழற்றாமல்.

ரூத் பிழைத்தாள். அக்கா இன்னும் ஆஸ்பத்திரி வார்ட்டில்.

3. சாட்சி

அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு முன் ஐயாவிடம், அக்காவுக்காக ஜெபிக்கச் சொன்னேன்.

"அவங்க நம்ம சபை இல்லியே மிஸ்," என்றார். பிறகு மேடையேறி, "கர்த்தர் மிஸ்ஸோட மகளக் காப்பாத்தினாரு! முன்னால வந்து சாட்சி சொல்லுங்க மிஸ்," என்றார்.

எங்கள் சபையில் சாட்சி என்றால் கிடைத்த நன்மையைச் சொல்வது; கேட்பவர்கள் அல்லேலூயா சொல்வது. நான் போய் மத்தேயு நாலாம் அதிகாரத்தைத் திறந்தேன்.

"தூதருங்க தாங்குவாங்க, கோபுரத்துலருந்து குதின்னு இயேசுகிட்ட சொன்னது யாரு? பிசாசு. இயேசு குதிக்கல. கடவுளச் சோதிக்கக் கூடாதுன்னாரு. ஐயா அதே வசனத்தச் சொல்லி நம்ம புள்ளைங்கள மலையேத்தினாரு. குளவி இருக்குன்னு தெய்வானை அக்கா பெரட்டுலயே சொன்னாங்க. நானும் சொன்னேன். என் மகள மூடினது அக்காவோட படங்கு. இதான் என் சாட்சி."

ஓர் அல்லேலூயாகூட வரவில்லை. ஐயா பாட்டைத் தொடங்கினார். தனியாகவே பாடி முடித்தார்.

வேலைக்குப் புதிதாக வரும் உத்தியோகத்தர்களே, தாராளமாக ஜெபியுங்கள். ஆனால் கூட்டைக் கலைக்க ஆள் அனுப்பிவிட்டு ஜெபியுங்கள். உங்களை நம்பி ஏறுகிறவர்களின் உயிரைப் பணயம் வைப்பதற்கு விசுவாசம் என்று பெயர் இல்லை.

குளவி கொட்டியது பற்றித் தொழில் திணைக்களத்திலிருந்து விசாரணைக்கு வருகிறார்கள் என்றதும் ஐயா என் குவாட்டர்ஸ் வாசலுக்கு வந்தார். "சபையில சொன்னத அங்கயும் சொல்லிடாதீங்க மிஸ். நாம ஒரே குடும்பம்."

"சாட்சி சொல்லக் கூப்பிட்டது நீங்கதானே ஐயா," என்றேன்.