தபாலில் போன அழைப்பு

செங்கமலத்தின் ஊர் குடுமியான்மலைக்குக் கிழக்கே. 1938இல் அவள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, கணவன் நல்லதம்பி புதுக்கோட்டையில் பத்திரிகை அச்சடித்து, மூலைகளில் மஞ்சள் தடவி, உறவுக்கெல்லாம் தபாலில் அனுப்பினான். குளத்தூர்ப் பக்கம் இருந்த அவளுடைய அண்ணன் இருளாண்டிக்கும் அப்படியே.

தாய்மாமனை நேரில் போய், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுதான் அவர்கள் வழக்கம். நல்லதம்பி அதை அறியாதவன் அல்ல. தாய்மாமன் என்று பெயரையே அச்சில் போட்டாயிற்று, இதைவிட மரியாதை ஏது என்று நினைத்துவிட்டான்.

கல்யாணம் நெருங்கியும் அண்ணனிடமிருந்து பதில் இல்லை. தாய்மாமன் மாலை போடாமல் பெண் மணவறைக்கு வரமாட்டாள். செங்கமலம் தட்டையும் வெற்றிலை பாக்கையும் துணியில் முடிந்துகொண்டாள்.

"இன்னொரு பத்திரிகை அனுப்பிப் பாப்பமே," என்றான் நல்லதம்பி.

"அனுப்புனது போதும்."

பாதி வழி வண்டி, மீதி நடை. இருளாண்டி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். பத்திரிகை மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகியிருந்தது.

"அடடே, தபால்காரரு இப்பச் சேலை கட்டிக்கிட்டு வாராரா?"

அவள் தட்டை நீட்டியபடி நின்றாள். அண்ணன் மனைவி ராக்காயி மோர் கொண்டுவந்தாள்.

"மொதல்ல அண்ணன் தட்ட வாங்கட்டும் மதினி."

"பத்திரிகையில இருக்கிறதத்தானே நீயும் சொல்லப்போறே?" என்றான் இருளாண்டி.

"அதேதான் அண்ணே. ஒரு எழுத்து கூடக் கொறையக் கெடையாது."

"அப்பறம் எதுக்கு இம்புட்டுத் தூரம்?"

"அதக் கூரையில சொருகிட்டே. என்னையச் சொருக முடியாதுல்ல?"

ராக்காயி சிரித்துவிட்டாள். இருளாண்டி சிரிக்கவில்லை.

"நல்லதம்பி மாப்பிள்ளை வரலையோ?"

"அவரு எழுதிட்டாரு. கூப்பிட நான் வந்திருக்கேன்."

சொற்கள் ஒன்றுதான். தபாலில் போனவை, மறுத்தால் அந்த மறுப்பைக் கேட்க அங்கே நிற்கவில்லை. இவள் அதையும் கேட்டுக்கொள்ளத் துணிந்து வந்திருந்தாள். அழைப்பு என்பதே பெரும்பாலும் அந்தத் துணிவுதானோ என்று தோன்றுகிறது.

வெயில் சாய்ந்தது. அவள் நீட்டிய தட்டு இறங்கவில்லை. கடைசியில் இருளாண்டி ஈரக்கையைத் துண்டில் துடைத்து, இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான்.

"மோரக் குடி. புள்ளைக்கு என்ன பூ புடிக்கும்னு சொல்லு."

சில ஆண்டுகள் கழித்து மகன் கல்யாணத்துக்கும் பத்திரிகை அச்சானது. செங்கமலம் தட்டை எடுத்தாள். நல்லதம்பி வண்டியைப் பூட்டி, தானும் ஏறிக்கொண்டான்.