வயிற்றின் குறுக்கே ஒரு கோடு

கல்யாணப் படங்களில் முகத்தை வெளுப்பதுதான் அப்போது என் தொழில். பதுளை பஸ் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு ஸ்டூடியோ. இரண்டாயிரத்துக்குப் பிறகு அங்கே கணினி வந்தது, படம் திருத்தும் மென்பொருள் வந்தது, அதன் முன்னால் என்னை உட்கார வைத்தார்கள். மணமகள் எந்த நிறத்தில் வந்தாலும் சுண்ணாம்பு அடித்த சுவராகத்தான் வெளியே போக வேண்டும். மூக்கு காணாமல் போனால்கூட யாரும் கேட்க மாட்டார்கள். நிறம் குறைந்தால் மட்டும் குடும்பத்தோடு வந்து நிற்பார்கள். எனக்கு இதில் ஏகப்பட்ட எரிச்சல். முதலாளியிடம் சொன்னால், "அவங்க மூஞ்சி, அவங்க காசு. ஒனக்கு எங்க வலிக்குது?" என்பார்.

எந்தப் படம் வந்தாலும் எங்களுக்கு ஒரே முறைதான். முதலில் கூர்மையை ஏற்று, பிறகு வெளிச்சத்தை ஏற்று, பிறகு பிரிண்ட். நான் நினைக்காமலே கை அதைச் செய்துவிடும்.

அண்ணன் மகள் பெரிய மனுஷியான சடங்குக்கு ஸ்டூடியோவின் டிஜிட்டல் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு ஹல்துமுல்லைப் பக்கம் நாங்கள் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன். மறுநாள் காலை முகம் கழுவ, ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்குப் போகும்போதும் கேமரா என் கழுத்தில்தான் தொங்கியது. லயத்து வீட்டில் வைத்துவிட்டுப் போனால் சொந்தக்காரப் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பிரித்துவிடுவார்கள் என்று பயம். முகட்டுக்குப் பின்னால் அப்போதுதான் சூரியன் ஏறியது. பீலிக்கு மேலே, தேயிலை முடிந்து பாறை தொடங்கும் இடத்தில், ஒரு சிறுத்தை நின்றது.

வாயில் இருந்த தண்ணீரைத் துப்பக்கூட மறந்துபோனேன். எப்படி கேமராவைத் தூக்கினேன் என்று இன்றைக்கும் தெரியாது. ஒரே ஒரு படம். அது என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, எனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல் பாறைக்குப் பின்னால் இறங்கிப் போய்விட்டது.

லயத்துக்கு ஓடிவந்து எல்லோருக்கும் காட்டினேன். கேமராவின் சின்னத் திரையில் வானம் மட்டும் பளிச்சென்று இருந்தது. கீழே எல்லாம் கறுப்பு. அந்தக் கறுப்புக்குள் கூர்ந்து பார்த்தால் முதுகு தெரியும், வால் தெரியும். இடுப்புக்குப் பக்கத்தில், வயிற்றின் குறுக்கே, மெல்லிய கோடு ஒன்றும் தெரிந்தது. ஆளாளுக்குக் கேமராவைப் பிடுங்கிப் பார்த்துச் சத்தம் போட்டார்கள். அண்ணன் மட்டும் சத்தம் போடவில்லை. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

லயத்துக்குப் பின்னால் அவருடைய மரக்கறித் தோட்டம் இருந்தது. அங்கே என்னைக் கூட்டிப் போனார்.

"நான் பன்னிக்கு சுருக்கு வச்சிருந்தேன் புள்ள. பைக் கிளட்ச் கம்பியில. கெழங்கையெல்லாம் தோண்டித் தோண்டிப் போட்டுருச்சு, பொறுக்க முடியல. சடங்குக்குப் புள்ளைக வருதேன்னு போயி எல்லாத்தையும் கழட்டுனேன். ஒண்ணு மட்டும் இல்ல. கட்டியிருந்த குச்சியோட காணோம். யாராவது எடுத்திருப்பாங்கன்னு விட்டுட்டேன்."

மேலே சொல்ல வேண்டியிருக்கவில்லை. பன்றிக்கு வைத்த சுருக்கில் சிறுத்தை மாட்டிக்கொள்வதும், இழுத்து அறுத்துக்கொண்டு இடுப்பில் கம்பியோடு அலைவதும், அந்தக் கம்பி நாளுக்கு நாள் சதைக்குள் இறங்கி அது வலியில் செத்துப்போவதும் எங்கள் மலையில் தெரிந்த கதைதான். சாவதற்குள் அந்த வலியோடு யார் மேல் பாயும் என்றும் சொல்ல முடியாது. பாறைக்குக் கீழே இருக்கும் தேயிலை மலையில்தான் அண்ணி தினமும் கொழுந்து எடுத்தார்.

"நீ மெஷின்ல போட்டு நல்லாப் பாத்து சொல்லு," என்றார் அண்ணன். "கம்பின்னா நானே போயி வனஜீவராசிக் கந்தோர்ல சொல்லிர்றேன். மயக்க ஊசி போட்டுக் கழட்டுவாங்களாம். என்னப் புடிச்சு உள்ள போட்டா போடட்டும்."

வீட்டில் சடங்குப் பாயாசம் மிச்சமிருந்தது. அண்ணி ஒரு கோப்பையில் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணன் அதைத் தொடவில்லை.

அன்றைக்கே இருவரும் பதுளைக்கு பஸ் ஏறினோம். அப்புத்தளை வரைக்கும் மூடுபனி, அதற்கப்புறம் வெயில். வழியெல்லாம் "அது", "அது" என்றே பேசிக்கொண்டோம். வடக்கில் சண்டை ஓயாத நேரம், தமிழ் ஆட்கள் பஸ்ஸில் உட்கார்ந்து புலி, சிறுத்தை என்று உரக்கப் பேசும் காலமில்லை அது.

ஸ்டூடியோவில் அண்ணனுக்கு என் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டேன். படத்தைத் திறந்தேன். என் கை அதன் வழக்கப்படி வேலையைத் தொடங்கிவிட்டது. கூர்மையை ஏற்றினேன், வெளிச்சத்தை ஏற்றினேன். வானம் வெந்து வெள்ளையாகப் போனது. கறுப்பு சாம்பலாக மாறியது. சாம்பலுக்குள்ளிருந்து சிறுத்தை வந்தது, அதன் இடுப்பில் அந்தக் கோடும் வந்தது. புதுக் கம்பி வெயிலில் மின்னுவதுபோல் மின்னியது.

மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

"கம்பிதான்," என்றார் அண்ணன். எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "சரி. நான் போறேன். அண்ணிகிட்ட நீயே பேசிக்க." படியிறங்கிப் போய்விட்டார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அண்ணன் மேல் கோபம், பன்றிகள் மேல் கோபம், படம் எடுத்த என் மேலேயே கோபம். அதைப் பார்க்காமலே இருந்திருக்கக் கூடாதா என்றிருந்தது. சும்மா திரையையே வெறித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பக்கத்தில் இருந்த தேயிலைச் செடி கண்ணில் பட்டது. ஒவ்வொரு இலையின் ஓரத்திலும் வெள்ளையாக ஒரு கோடு. பாறை விளிம்பிலும் அதே கோடு. சிறுத்தையின் மீசை ஒவ்வொன்றும் கம்பியாக மின்னியது. தேயிலை இலைக்கெல்லாம் எந்தப் புண்ணியவான் கம்பி கட்டினான்? எல்லாம் என் கைவரிசை. முதலிலேயே கூர்மையை ஏற்றிவிட்டு மேலே வெளிச்சத்தைக் கொட்டியதில், படத்தில் ஓரம் இருந்த இடமெல்லாம் மினுங்கியது. மணமகளின் தாலிச் சங்கிலிக்கு அது பொருந்தும், இதற்குப் பொருந்தாது.

செய்ததைச் சேமிக்காமல் மூடினேன். கேமராவின் கார்டிலிருந்து படத்தை மறுபடி திறந்தேன். இந்தத் தடவை கூர்மையின் பக்கமே போகவில்லை. வானத்தை அப்படியே விட்டுவிட்டு, இருட்டை மட்டும் திறக்கும் பகுதிக்குப் போனேன். அந்த மென்பொருளில் அப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியும், கல்யாண முகங்களுக்குத் தேவைப்பட்டதில்லை, அவ்வளவுதான். கொஞ்சம் திறந்து நிறுத்தினேன். பார்த்தேன். இன்னும் கொஞ்சம். பச்சையும் சிவப்புமாகப் புள்ளிகள் எழும்பின, அவற்றையும் பொறுத்துக்கொண்டேன்.

இருட்டுக்குள் இருந்தவையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. முதலில் விலாவின் புள்ளிகள். பிறகு இடுப்பு. எங்கேயும் இறுக்கம் இல்லை, ரோமம் வழவழவென்று படிந்திருந்தது. கோடு அங்கேயே இருந்தது. ஆனால் அது உடம்போடு நிற்கவில்லை. வயிற்றைத் தாண்டிக் கீழே போனது, தரையில் ஒரு புல் புதருக்குள் இறங்கியது. மேல் பக்கம் முதுகைத் தாண்டி, நுனியில் கதிராகப் பிரிந்தது. நடுவில் ஒரு கணு.

மானாப் புல். தோட்டத்தில் பிறந்தவளுக்கு மானாப் புல்லைத் தெரியாதா? சிறுத்தைக்கு முன்னால் ஒரு தண்டு நின்றிருந்தது, அவ்வளவே. அதன் இரண்டு முனைகளையும் இருட்டு தின்றுவிட்டதால், மிச்சம் கம்பியாகத் தெரிந்திருக்கிறது.

முதலாளி என்னவோ கேட்டார். பதில் சொல்லாமல் தெருவுக்கு ஓடினேன். செருப்பு ஒன்று படியிலேயே கழன்றது. அண்ணன் பஸ் நிலையத்து வாசலில் யாரிடமோ வனஜீவராசி அலுவலகத்துக்கு வழி கேட்டுக்கொண்டு நின்றார்.

"அண்ணே! கம்பி இல்லண்ணே! வாங்க, வந்து பாருங்க!"

அவர் நம்பவில்லை. தன்னைக் காப்பாற்ற நான் பொய் சொல்வதாக நினைத்தார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துதான் ஸ்டூலில் உட்கார வைத்தேன். திரைக்கு நெருங்கிக் குனிந்தார். கோட்டின் மேல் விரலை வைத்து, கணுவைக் கடந்து கதிர் வரைக்கும் மெதுவாகக் கொண்டு போனார். திரும்பக் கீழே வந்து புதரில் நிறுத்தினார்.

"புல்லு," என்றார்.

"புல்லுதாண்ணே."

"எம்புட்டு அழகா இருக்கா," என்றார். பிறகு திரையைப் பார்த்தே, "நல்லா இரு ஆத்தா," என்றார். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை, தாடை வழியாக வழிந்தது. எனக்கும் அப்படித்தான். முதலாளி எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, மின்விசிறியைத் திருப்பி எங்கள் பக்கம் வைத்தார்.

அப்புறம் அண்ணனுக்குப் பசித்தது. எதிர்க் கடையில் சோறு வாங்கிக் கொடுத்தேன். மறுசோறு கேட்டு வாங்கினார், அதற்கு மேல் ஒரு முறை குழம்பும் கேட்டார்.

காணாமல் போன அந்தக் கம்பி கடைசி வரைக்கும் கிடைக்கவில்லை. அண்ணனும் அண்ணியும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மலை முழுக்கத் தேடினார்கள். யாராவது துணி காயப்போடக் கொடி கட்ட எடுத்திருப்பார்கள் என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். அந்தச் சின்ன உறுத்தல் எனக்கு இன்றும் உண்டு. ஆனால் அந்தக் கம்பி இவள் இடுப்பில் இல்லை. இல்லாததைக் கண்ணால் பார்த்தேன்.

மிச்சக் கம்பிகளை அண்ணன் சுருட்டிக் கக்கூஸ் குழியில் போட்டார். இரவில் தகரம் தட்டிப் பார்த்தார், பழந்துணியில் ஆள் செய்து நிறுத்திப் பார்த்தார். பன்றிகள் அந்த ஆளையும் தள்ளிவிட்டுப் போய், ஒரு கிழங்கு மிச்சமில்லாமல் தின்றன. "மொத்தமும் போச்சு தங்கச்சி," என்று அண்ணன் போனில் சொன்னார். சொல்லிவிட்டு, அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.