கடல் கரைக்காத கவர்

1984 பிப்ரவரி 5, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு இருபது. பனி முழுக்க விலகவில்லை. வாடைக்காற்று லேசாக அடித்தது. கடல் குளம் மாதிரி கிடந்தது. புதுச்சேரியில் கடலுக்குள் நீண்டிருக்கும் கப்பல் பாலத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஒரு வலைப்பையைக் கயிற்றில் கட்டிக் கடலுக்குள் இறக்கிக்கொண்டிருந்தேன். நாற்பத்து நான்கு வயது அரசு குமாஸ்தா செய்கிற காரியமா என்று கேட்கலாம். ஆனால் என் மனைவியின் நான்கு தங்க வளையல்கள் வீட்டில் தங்குமா போகுமா என்பதை அந்தப் பைதான் சொல்லப்போகிறது.

வளையல்களைக் கேட்டவன் ரெட்டியார்பாளையத்தில் இருந்த என் மச்சான், அவளுடைய தம்பி. புதுச்சேரியை ஒட்டிய மேட்டுப்பாளையத்தில் ஒரு கொட்டகை எடுத்து, பிளாஸ்டிக் கவர் போடும் இயந்திரம் வைக்கப் போவதாகச் சொன்னான். வளையலை அடகு வைத்தால் முன்பணம் தேறும். எனக்கு அது பிடிக்கவில்லை. தினமும் காலையில் கடற்கரைச் சாலையில் நடக்கிறவன் நான். கரைப் பாறைகளின் இடுக்கில் என்ன கிடக்கிறது என்று எண்ணுவது என் வழக்கம். முன்பெல்லாம் தேங்காய் மட்டை, அறுந்த கயிறு, வாழையிலை. இரண்டு வருடமாகக் கவர்கள். போன வருடம் ஒரு நடைக்கு ஏழோ எட்டோ. இந்த 1984 பொங்கலன்று நாற்பத்தொன்று.

அதைச் சொன்னதும் மச்சான் சிரித்தான்.

"இன்னா மாமா, ஊரு ஒலகம் வாக்கிங் போனா காத்து வாங்கும், நீங்க குப்பையை எண்ணிக்கினு வறீங்க. கடல் எம்மாம் பெருசு! உப்புத்தண்ணி ரெண்டு மாசத்துல எல்லாத்தையும் கரைச்சிடும்."

"கரைக்காது."

"கரைக்கும்."

"பந்தயம்?"

கவர் கரைந்தால் வளையலை நானே எடுத்துக் கொடுப்பது. கரையாவிட்டால் அவன் அந்தப் பேச்சையே விட்டுவிடுவது. தீர்ப்பு சொல்ல என் மனைவி. அவள் அரிசி களைந்துகொண்டே, "சரி சரி, சண்டை போடாம செய்யுங்க" என்றாள்.

பையில் ஐந்து பொருள்கள் போட்டேன்: ஒரு வாழையிலை, பழைய செய்தித்தாளில் கட்டிய பொட்டலம், ஒரு மஞ்சள் பை, ஒரு சணல் சாக்குத் துண்டு, மச்சான் மாதிரிக்குக் கொண்டுவந்த சிவப்புக் கிளி அச்சடித்த கவர். அடியில் ஒரு செங்கல். பாலத்துக் காவல்காரர், பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கத்தில் சட்டை போட்ட எல்லோரையும் 'முசே' என்பார்.

"முசே, மீன் பிடிக்கணும்னா தூண்டில் வேணும். வாழையிலைக்கு எந்த மீன் வரும்?"

விஷயத்தைச் சொன்னேன். அன்று முதல் அவருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் நான் டீ வாங்கிக்கொண்டு போவேன். இருவரும் கயிற்றை இழுத்துப் பார்ப்போம். முதல் வாரமே செய்தித்தாள் கூழாகிக் காணாமல் போயிற்று. இரண்டாம் வாரம் வாழையிலையில் நடு நரம்பு மட்டும். ஐந்தாம் வாரம் சாக்கு நாராகப் பிரிந்தது; ஆறாம் வாரம் மஞ்சள் பையின் அடி கழன்று கையோடு வந்தது. ஒவ்வொன்று போகும்போதும் காவல்காரர் கைதட்டினார். கிளி மட்டும் சிவப்பாகவே மேலே வந்தது. ஜெயிக்கிறேன் என்கிற சந்தோஷத்தில் சனிக்கிழமை இரவுகளில் எனக்குத் தூக்கமே வராது.

ஏப்ரல் முதல் ஞாயிறு, சொட்டச் சொட்ட வலைப்பையை வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்தேன். மச்சான் காத்திருந்தான். கவரை உதறினேன். வெளிப்புறம் சுண்ணாம்புப் பொட்டுகள் மாதிரி சிப்பிப் பூச்சிகள் ஒட்டியிருந்தன. உள்ளே இரண்டு சின்ன நண்டுகள், கால்கள் மடங்கி, செத்துக் கிடந்தன.

"பாரு, உள்ள போனது வெளியே வர வழியில்லாம செத்திருக்கு!"

"அது நண்டோட தப்பு மாமா. கவர் மேல இன்னா தப்பு?"

என் மனைவி கவரை வாங்கிக் கழுவினாள். கிணற்றுத் தண்ணீரை அதில் நிரப்பித் தூக்கிப் பிடித்தாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"ரெண்டு மாசம் கடல்ல கெடந்துட்டு ஒரு பொத்தல் இல்லியேடா!"

"அதான்க்கா! கடலாலயே ஒண்ணும் பண்ண முடியல. இதைச் சொல்லியே விப்பேன் பாரு!"

நான் பதறிப் போனேன். "ஏய், பந்தயத்துல நான்தான் ஜெயிச்சேன்!"

"பந்தயம் உங்க ரெண்டு பேருக்கும். வளையல் என்னுது" என்றாள். அங்கேயே கழற்றிக் கொடுத்துவிட்டாள்.

வியாபாரம் நடந்தது. கிளிக் கவர் எல்லாக் கடைகளிலும் தொங்கிற்று. வளையல் வட்டியைத் தின்றுகொண்டே அடகில் கிடந்தது. 1987 ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை, கடல் கொந்தளித்தது. நான்காம் நாள் காலை நடக்கப் போனவன் நின்றுவிட்டேன். பாறைகள் மீதெல்லாம் கிளிகள்! எண்ண ஆரம்பித்து, இருநூறு தாண்டியதும் எனக்கு வேறு வெறி வந்தது. குப்பத்து மீன்காரப் பெண்களிடம் போய், கிளிக் கவர் ஒன்றுக்கு ஐந்து காசு தருகிறேன் என்றேன்.

"இன்னாத்துக்கு ஐயரே, ஊறுகா போடவா?" என்று ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நான் ஐயரும் இல்லை. ஆனால் மறுநாளே கூடை கூடையாக வீட்டு வாசலில் வந்து கொட்டினார்கள். பல வலையில் சிக்கியவை; ஒன்று, ஆமையின் வாயிலிருந்து இழுத்தது என்றார்கள். மொத்தம் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.

மச்சானை வரச் சொன்னேன். முற்றத்தில் முழங்கால் உயரக் குவியல். அவன் ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்தான்.

"பாத்தீங்களா மாமா, ஒண்ணுல கூட சாயம் போகல!"

என் மனைவி ஆமை வாயிலிருந்து வந்த, கிழிந்திருந்த அந்த ஒரு கவரைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆமையோட பல்லு பதிஞ்சிருக்கு" என்றாள். ஆமைக்குப் பல் கிடையாது என்று திருத்த வாய் எடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"தம்பி, பொங்கலுக்குள்ள என் வளையலை மீட்டுக் குடுத்துடு. நீ மிஷினை ஓட்டு, நிறுத்து, அது உன் இஷ்டம். என் வளையல் அதுல வேணாம்."

பொங்கலுக்கு முந்தின நாள் நான்கும் வந்து சேர்ந்தன. அவன் இயந்திரம் நிற்கவில்லை. அந்தக் கவர்கள் மூன்று மூட்டையாக இன்னும் என் பரணில் இருக்கின்றன. கிளி இன்னும் சிவப்புதான்.

பழைய வலை நான்கு ரூபாய், கயிறு மூன்று ஐம்பது, ஒன்பது ஞாயிறு காவல்காரருக்கு வாங்கிய டீ மூன்று அறுபது, கவர்களுக்கு அறுபத்தைந்து அறுபது. செங்கல் கொல்லையில் கிடந்தது. ஆக எனக்கு ஆன செலவு எழுபத்தாறு ரூபாய் எழுபது காசு.