கதிரை கிடைக்காத குறி

உப்புவெளி விடுதி ஒன்றில், குச்சியால் பந்தை மேசைக் குழிக்குள் தள்ளும் 'பூல்' ஆட்டம் பழகுகிறேன். என்னோடு வேலை செய்யும் றிஸ்வான் நான் மறக்க வேண்டிய பழக்கங்களை அடுக்கினார்: தலையைச் சரிப்பது, பக்கத்தில் நின்று குறி பார்ப்பது.

"பந்துக்கு நேர் பின்னால நில்லுங்கோ."

பந்துகள் மோதிய சத்தத்தில் சின்ன வயதில் இருந்த பாலையூற்று வீட்டு விறாந்தை நினைவில் வந்துவிட்டது. ஞாயிறுகளில் அங்கே பலகையில் காய் அடிக்கும் கரம் ஆட்டம். போரிக் மாவும் சுருட்டும் மணக்கும். பலகையைச் சுற்றி அப்பா, அண்ணா, அப்பாவின் துறைமுகக் கூட்டாளிகள் இருவர். நான் தேத்தண்ணி கொடுத்துவிட்டு அண்ணாவின் தோளருகே நிற்பேன். அவன் குடித்து முடிக்கும்வரை அவனுக்குப் பதிலாக நான் அடிப்பேன்.

"அப்பா, நானும் கதிரையில இருந்து அடிக்கட்டே?"

"ஆம்பிளையளுக்கு நடுவில உனக்கென்ன கதிரை? நிண்டபடி அடி."

அண்ணா கதிரையை விட்டு எழும்ப மாட்டான். அவனுக்கு மேலால் சரிந்துதான் குறி பார்ப்பேன். காய் விழுந்தால் புள்ளி அவனுக்கு. விழாவிட்டால் கூட்டாளி ஒருவர் சிரிப்பார்: "கோணக்கண்ணிக்கு ஏலாதாம்!" அப்பாவும் சேர்ந்து சிரிப்பார்.

இன்று நேர் பின்னால் நின்றேன். பந்து நேரே குழிக்குள் போனது.

"பாத்தீங்களா, லேசுதானே?" என்றார் றிஸ்வான்.

"ஓம், லேசுதான்."

இத்தனை வருடமும் குறை என் கண்ணில்தான் என்று நம்பியிருந்தேன்.