கோவணத்தோடு எடுத்த படம் யாருக்குச் சொந்தம்?

இன்று காலை குற்றாலத்தில் நல்ல சாரல்.

அருவிக்கரையில் ஒரு கடையநல்லூர் அண்ணாச்சி, கோவணத்தோடு உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். மதராஸிலிருந்து வந்த ஒருவர் கைக்கு அடக்கமான புதுக் காமிராவை நீட்டி, ‘கிளிக்’ என்று அவரைப் படம் எடுத்துவிட்டார்.

அண்ணாச்சி எழுந்துவிட்டார். “யாரக் கேட்டுவே எடுத்தீரு? ஸ்டூடியோவுல சொல்லிட்டுத்தானவே எடுக்கான்? நானும் கோட்டு மாட்டிக்கிட்டு நிப்பேன். இந்தக் கோலத்தையா ஊரு பாக்கணும்?”

“பொது இடம் சார். காமிரா என்னோடது, படமும் என்னோடது” என்றார் மதராஸ்காரர்.

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்துகிறவன். வாய் சும்மா இருக்குமா?

“அண்ணாச்சி, உலகம் முன்னேறுது. ஒவ்வொருத்தரயா கேட்டுக்கிட்டிருந்தா விஞ்ஞானம் எப்படி வளரும்? சார் சொல்லுததுதான் நியாயம்.”

மதராஸ்காரருக்கு ஒரே சந்தோஷம். “அப்படிச் சொல்லுங்க! நீங்களும் அவருக்குப் பின்னால அருமையா விழுந்திருக்கீங்க, தலையில எண்ணெய் வழிய. பெரிசா போட்டுத் தென்காசிக் கடைத்தெருவுல நம்ம சிநேகிதர் ஸ்டூடியோ வாசல்ல மாட்டப்போறேன்.”

தென்காசிக் கடைத்தெரு வழியாகத்தான் எங்கள் தலைமையாசிரியர் தினமும் வீட்டுக்குப் போகிறார். கடும் காய்ச்சல், எழுந்து நடக்க முடியவில்லை என்று இன்று காலைதான் அவருக்கு லீவு லெட்டர் அனுப்பியிருந்தேன்.

நகர்ந்துபோய் அண்ணாச்சி பக்கத்தில் நின்றுகொண்டேன்.

“கேக்காம எடுக்கது பெரிய தப்புவே” என்றேன்.

படம் எடுத்தவருக்குச் சொந்தமா, படத்தில் விழுந்தவருக்கா? நண்பர்கள் யோசித்து எழுதுங்கள்.

பள்ளிக்கூட விலாசத்துக்கு மட்டும் வேண்டாம். அங்கே எனக்கு இன்னும் காய்ச்சல் விடவில்லை.