வளைவில் நட்ட குட்டையன்

நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இது என் அத்தானுக்கு நடந்தது. அக்காவின் கணவர். பொய்யே சொல்லாத மனிதர் என்று சொல்லமாட்டேன். சீட்டாட உட்கார்ந்தால் வாய் கூசாமல் அளப்பார். ஆனால் இதைச் சொன்னபோது அவர் சீட்டுக்கட்டைத் தொடவே இல்லை. அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

அத்தானுக்குச் சாலை வேலை. சைக்கிளில் போகிறவர்களுக்கென்று சாலையோரம் கொஞ்சம் இடம் ஒதுக்கி, கார்கள் அதில் ஏறாதபடி வரிசையாக ரப்பர் தூண்களை நிறுத்துவார்கள். இடுப்பளவு உயரம். கார் இடித்தால் மடங்கி, உடனே நிமிரும். தலைப்பக்கம் ஓர் ஒளிப்பட்டை, வெளிச்சம் பட்டால் மின்னும். பட்டை ஒரு பக்கம் மட்டும்தான். அது சாலையைப் பார்த்து நிற்க வேண்டும். அலுவலகத்தில் அந்தத் தூணுக்கு ஏதோ பெரிய பெயர். அத்தானின் குழுவில் அது ‘குட்டையன்’.

அந்தச் சாலை ஒரு சரிவு, நடுவில் ஒரு வளைவு. கார்கள் வேகத்தைக் குறைக்காமல் ஓரத்தை உரசித்தான் திரும்பும். அத்தானின் மகள் பள்ளிக்குச் சைக்கிளில் போகும் வழி அது. வீட்டில் அவளுக்கு ‘வாலு’ என்று பெயர். போன மாதம் ஒரு காரின் பக்கக் கண்ணாடி அவள் முழங்கையில் அடித்தது. கார் நிற்கவில்லை. வாலு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். அன்றிலிருந்து அக்கா அவளைப் பேருந்தில் அனுப்பினாள். குட்டையன்களை நட்டு முடித்த மறுநாள் சைக்கிளை எடுக்கலாம் என்று அத்தான் வாக்குக் கொடுத்திருந்தார்.

“இன்னைக்கு முடிஞ்சிடுமா?”

“முடிஞ்சிடும்.”

“போன வாரமும் இதத்தான் சொன்னீங்க.”

“போன வாரம் மழைம்மா.”

“மழை மேல பழியப் போடாதீங்கப்பா. அதுக்கு வாய் இல்ல.”

அன்றைக்கும் தூறல் இருந்தது. ஆனாலும் வேலை நடந்தது. வளைவின் நடுவில் மட்டும் ஒரு சாம்பல் நிறக் கார், சரியாகக் குறி போட்ட இடத்தின் மேல் நின்றது. சொந்தக்காரரைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. அப்படி வண்டி மறித்தால் அந்த இடத்தை விட்டுவிட்டு மேலே போய்விடுவது வழக்கம். கடைசியில் திரும்பி வந்து நட்டுக்கொள்வார்கள்.

கார் கிளம்பும்போது மாலை ஆகிவிட்டது. மழை வலுத்தது. துளை போடும் இருவரும் பேருந்தைப் பிடிக்க ஓடினார்கள். அத்தானும் லாரி டிரைவரும் மட்டும் மிச்சம். மணி ஆறு பத்து.

லாரியின் பின்தட்டில் ஒரே ஒரு குட்டையன் கிடந்தது. சாலையில் ஓர் இடம் காலி, லாரியில் ஒரு தூண். கணக்கு சரியாக இருந்தது. அத்தான் அதைத் தூக்கினார்.

கனத்தது. உள்ளே மழைத்தண்ணீர் இறங்கியிருக்கும் என்று கவிழ்த்தார். ஒரு சொட்டுகூட விழவில்லை.

பிறகுதான் கவனித்தார்… அது சூடாக இருந்தது. அன்று நட்ட மற்றவை எல்லாம் மழையில் சில்லிட்டிருந்தன. இது காய்ச்சல்காரர் கை போல இருந்தது. எஞ்சின் சூடு ஏறியிருக்கும் என்று சொல்லிக்கொண்டார். எஞ்சின் முன்னால் இருக்கிறது. தூண் கிடந்தது பின்தட்டில். அதை அவர் அப்போது யோசிக்க விரும்பவில்லை.

துளை போட்டார். தூணை நிறுத்தினார். முதல் போல்ட்டை விரலால் பொருத்திவிட்டு ஸ்பானரை எடுக்கத் திரும்பினார். திரும்பிப் பார்த்தபோது போல்ட் தலை வரை இறங்கியிருந்தது.

அடுத்த போல்ட்டைக் கண் எடுக்காமல் பார்த்தார். விரலில் பிடித்திருந்தார். அது தானாகச் சுழன்றது. யாரோ கீழிருந்து இழுப்பதுபோல…

விரலை எடுத்தார்.

அப்போதுதான் ஒளிப்பட்டையைப் பார்த்தார். அது சாலையைப் பார்க்கவில்லை. சைக்கிள் பாதையைப் பார்த்தது. அங்கே மண்டியிட்டிருந்த அவரைப் பார்த்தது.

தப்பாக நிறுத்திவிட்டேன் என்று போல்ட்டுகளைக் கழற்றினார். தூணைத் திருப்பினார். பட்டை சாலையைப் பார்ப்பதை விரலால் தடவி உறுதி செய்துகொண்டார். முறுக்கினார். எழுந்தார்.

பட்டை அவரைப் பார்த்தது.

நட்டு முடித்ததும் ஒவ்வொரு குட்டையனையும் முழங்காலால் ஓர் இடி இடித்துப் பார்ப்பார்கள். மடங்கும், ‘டப்’ என்று நிமிரும். அந்தச் சத்தம் கேட்டால்தான் வேலை முடிந்தது. அத்தான் காலை ஓங்கினார்.

முழங்கால் படவில்லை.

அதற்கு முன்பே அது மடங்கியது.

பிறகு நிமிர்ந்தது. மெதுவாக. சத்தமே இல்லாமல்.

பின்னால் கிணிங்… கிணிங்… என்று சைக்கிள் மணி. வழி விடச் சொல்லும் மணி. அத்தான் சட்டென்று ஒதுங்கினார். யாரும் இல்லை. பாதையை இன்னும் திறக்கவே இல்லை. இரண்டு முனையிலும் தடுப்பு நாடா கட்டியபடியே இருந்தது.

லாரி ஹாரன் அலறியது.

“என்ன அண்ணே, அதுகிட்ட குடும்பக் கதை பேசிக்கிட்டு இருக்கீங்க?”

“வரேன்.”

“ஒரே இடத்துல அரை மணி நேரமா? கட்டிக்கப் போறீங்களா அத?”

“வரேன்டா.”

“எல்லாம் ஓகேதானே? நாடாவ எடுத்துடலாமா?”

அத்தான் தடுப்பு நாடாவைப் பார்த்தார். இல்லை என்று சொன்னால் பாதை திறக்காது. இன்னும் ஒரு வாரம். வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் வாலுவின் முகம் கண்முன் வந்தது.

“ஓகேதான். எடுத்துடு.”

லாரி கிளம்பியது. அத்தான் பக்கக் கண்ணாடியில் பார்த்தார். பின்னால் வேறு வண்டி இல்லை. தெருவிளக்கு இன்னும் எரியவில்லை. குட்டையன்கள் எல்லாம் இருட்டில் கரைந்துவிட்டன.

ஒன்று மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை வாலு சைக்கிளில் கிளம்பினாள். அத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் தெரு முனையைத் தாண்டிவிட்டாள். அவரும் சாமான் கிடங்குக்குப் போனார். ஸ்டோர்காரர் தோளில் ஒரு குட்டையனைச் சாய்த்துக்கொண்டு வந்தார்.

“இந்தாங்க, உங்க பாக்கி.”

“என்ன பாக்கி?”

“நேத்து ஒண்ணு கொறைச்சுத்தானே ஏத்தினேன்? கையில சரக்கு இல்ல, காலையில தரேன்னு டிரைவர்கிட்ட சொல்லி அனுப்பினேனே.”

டிரைவர் நாக்கைக் கடித்துக்கொண்டான். “அட, மறந்தே போச்சு.” பிறகு அவன் முகம் மாறியது. “ஆனா… எடம் எதுவும் காலி இல்லையே அண்ணே.”

அத்தான் பள்ளிக்குத் தொலைபேசி செய்தார். மகள் வந்துவிட்டாளா என்று கேட்டார். வகுப்பில் இருக்கிறாள் என்றார்கள். இன்னொரு முறை பார்த்துச் சொல்லச் சொன்னார். பார்த்துவிட்டு, இருக்கிறாள் என்றார்கள்.

அவரும் டிரைவரும் வளைவுக்குப் போனார்கள். பகல் வெளிச்சத்தில் அது வெறும் ரப்பர். தொட்டார், சில்லென்றிருந்தது. பட்டை சாலையைப் பார்த்தது. முழங்காலால் இடித்தார். ‘டப்.’

“நல்லாத்தானே இருக்கு?”

“கழட்டு.”

“அண்ணே…”

“கழட்டுன்னா கழட்டு.”

நேற்று தானாக இறங்கிய போல்ட்டுகள் அசையவில்லை. இருவரும் மாறி மாறி ஸ்பானரில் தொங்கிக் கழற்றினார்கள். ஸ்டோர்காரர் கொடுத்த தூணை அதே இடத்தில் நட்டார்கள். கழற்றியதை லாரியில் போட்டு, கயிற்றால் சுற்றி, அத்தான் தன் கையாலேயே முடிச்சுப் போட்டார்.

கிடங்கில் போய் இறங்கிப் பார்த்தார்கள். கயிறு இருந்தது. முடிச்சு இருந்தது. சுற்றிய சுற்று தளரவே இல்லை.

நடுவில் எதுவும் இல்லை.

“வழியில விழுந்திருக்கும்ணே,” என்றான் டிரைவர். அவன் லாரிப் பக்கம் பார்க்காமலே சொன்னான்.

அன்றைக்கு அத்தானுக்கு வேலை ஓடவில்லை. சீக்கிரமே வீட்டுக்கு வந்து ஜன்னலருகே உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். மணி ஐந்தைத் தாண்டியது…

வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம். வாலு உள்ளே வந்தாள். ஒரு கீறல் இல்லை. நேராகத் தண்ணீர்ப் பானைக்குப் போனாள்.

“எப்படிம்மா இருந்துச்சு?”

“சூப்பர்ப்பா. ஒரு கார்கூட கிட்ட வரல. வளைவுல கை விட்டே ஓட்டினேன்.”

“கையெல்லாம் விடாத.”

அன்று முதல்முறையாக அத்தான் சிரித்தார். வாலு தண்ணீரைக் குடித்துவிட்டு வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

“நம்ம தெருவுக்கும் போடப் போறீங்கன்னு சொல்லவே இல்ல?”

“எத?”

“குட்டையனத்தான். முனையில ஒண்ணு நட்டிருக்கீங்களே, இப்ப பாத்தேன்.” சொல்லிவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். “ஆனா யாரோ தப்பா நட்டிருக்காங்கப்பா. அது ரோட்டப் பாக்கல. நம்ம வீட்டப் பாத்து நிக்குது.”